மாடி ஹாலில் ஏரோபிக்ஸ்: கால் மடியாத ஷூ எது?

கேள்வி: எனக்கு வயது 43. களியக்காவிளைப் பக்கம் வீடு. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதால், மலையாள ஏரோபிக்ஸ் வீடியோ ஒன்றைப் பார்த்து வாரத்தில் 5 நாள் மாடி ஹாலில் அரை மணி நேரம் ஆடுகிறேன். தரை டைல்ஸ். முதலில் வெறுங்காலோடு ஆடினேன். இரண்டு மாதத்தில் வலது குதிகால் வலிக்கத் தொடங்கியது. காலையில் எழுந்து முதல் அடி வைக்க முடிவதில்லை. ஷார்ஜாவில் இருக்கும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். விலை கூடிய ரன்னிங் ஷூ ஒன்று கொடுத்துவிட்டார். அதைப் போட்டு ஆடினால் பக்கவாட்டில் தாவும்போது கால் மடிகிறது. போன மாதம் சுளுக்கியே விட்டது. இப்போது வீக்கம் இல்லை. குதிகால் வாதம் என்று சொல்லி அண்ணன் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்கித் தந்தார். அதைப் போட்டு ஆடலாமா? 5 வருடத்துக்கு முன்பு வந்த வேறொரு ஷூவும் பெட்டியிலேயே இருக்கிறது. மாமியாருக்கு வீட்டுக்குள் காலணி போடுவதே பிடிக்காது. நான் என்ன வாங்க வேண்டும்? இல்லை, இந்த வயதில் இதெல்லாம் வேண்டாமா?

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆடுவதை விட வேண்டாம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 நாள், அரை மணி நேரம் என்று நீங்கள் அந்த அளவைத் தொட்டுவிட்டீர்கள். வேலை செய்யும் தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அதற்கு இன்சுலினின் உதவிகூட அவ்வளவாகத் தேவைப்படாது. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பலன் என்பதை உங்கள் டாக்டரும் சொல்வார். உங்கள் வயதில் ஒரு கோளாறும் இல்லை. காலுக்குக் கீழே இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் குதிகால். உட்காரும்போதும் படுக்கும்போதும் வலி இல்லாமல், எழுந்து வைக்கும் முதல் அடியில் குத்தி, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் பாதத்தின் அடிநாரில் வரும் கோளாறு. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. குதிகாலோடு அது ஒட்டியிருக்கும் இடம் மீண்டும் மீண்டும் இழுபட்டுப் புண்பட்டுவிடுகிறது. ஊரில் குதிகால் வாதம் என்பது பெரும்பாலும் இதுதான். எக்ஸ்ரே எடுத்து 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் முள்போல் வளர்ந்த அந்த எலும்பு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் இது சரியாகிவிடுகிறது.

உங்களுக்கு இது வந்ததற்குக் காரணம் கடிதத்திலேயே இருக்கிறது. குதித்து இறங்கும் ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல 2 முதல் 3 மடங்கு விசை பாதத்தில் ஏறும். 65 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் 130 கிலோவுக்கு மேல். நடன அரங்குகளில் அடியில் வெற்றிடம் விட்டு மரத்தளம் போடுவார்கள். அது கொஞ்சம் அமுங்கி விசையை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ் இம்மியும் அமுங்காது. பழைய சிவப்பு சிமென்ட் தரையும் மொசைக்கும் அப்படித்தான். அந்த விசை அத்தனையும் உங்கள் குதிகாலுக்கே போயிற்று.

அப்படியென்றால் மெத்து மெத்தென்ற ஷூ போதாதா என்று நீங்களும் வீட்டுக்காரரும் நினைத்தது நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், ரன்னிங் ஷூ ஒரே திசைக்காகச் செய்தது. ஓடுகிறவர் முன்னால் மட்டும் போகிறார். அதனால் குதிகால் பக்கம் பஞ்சு உயரமாக இருக்கும்; முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்த மாடல்கள் நிறைய உண்டு. மேல்துணி மெல்லிய வலையாக இருக்கும். நீங்களோ வலப்பக்கம் இரண்டு எட்டு, இடப்பக்கம் இரண்டு எட்டு, கால் பின்னிப் போடுவது, ஜம்பிங் ஜாக் என்று பாதி நேரம் பக்கவாட்டில் போகிறீர்கள். பக்கவாட்டில் தாவி நிற்கும்போது உயரமான அந்தப் பஞ்சு வெளிப்பக்கமாக நசுங்குகிறது. மெல்லிய துணியால் பாதத்தைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. பாதம் உள்நோக்கித் திரும்பி மடிகிறது, கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இழுபடுகிறது. உங்களுக்குச் சுளுக்கியது இப்படித்தான் என்று நினைக்கிறேன். விலை கூடிய மாடல்களில் பஞ்சும் கூடுதலாக இருப்பதுண்டு என்பதால், இந்த விஷயத்தில் விலை உயர்ந்த ரன்னிங் ஷூ இன்னும் மோசமாக மடியலாம்.

1980களில் அமெரிக்காவில் ஏரோபிக்ஸ் பரவியபோது இதே தொல்லை அங்கேயும் எழுந்தது. 1982இல் ரீபாக் நிறுவனம் 'ஃப்ரீஸ்டைல்' என்ற பெயரில் பெண்களின் ஏரோபிக்ஸுக்கென்றே ஒரு ஷூவைக் கொண்டுவந்தது. இந்த ஆட்டத்துக்கு வேறு காலணி வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் இன்னும் விளையாட்டு ஷூ என்று கேட்டாலே ரன்னிங் ஷூவைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது டிரெயினிங் ஷூ, அல்லது கிராஸ் டிரெயினர். கடைக்காரருக்குப் பெயர் புரியாவிட்டால் பரவாயில்லை. கையில் எடுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அடிப்பாகம் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். மேலே இருக்கும் குதிகால் கிண்ணத்தைவிட அடி அகலமாக விரிந்திருக்க வேண்டும். அந்தக் கிண்ணத்தை இரு பக்கமும் விரலால் அழுத்துங்கள். சட்டென்று உள்ளே போய்விட்டால் வேண்டாம். முன்னும் பின்னும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் உங்கள் அடிநாருக்கு அது ஆகாது. ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினால் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். முன்பாதத்தின் இரு பக்கமும் வலைத்துணியோடு கெட்டியான பட்டை ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் காலைப் பிடித்து நிறுத்துவது அதுதான். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் உங்கள் விஷயத்தில் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. தட்டையான ஜிம் ஷூக்கள் பளு தூக்குகிறவர்களுக்கானவை. குதிகால் வலியோடு அவற்றுக்குள் போக வேண்டாம்.

மார்த்தாண்டத்தில் டிரெயினிங் ஷூ தேடியும் அமையவில்லை என்றால் பேட்மிண்டன் ஷூவைப் பாருங்கள். நம் பக்கமும் அதிர்த்தி (எல்லை) தாண்டிக் கேரளத்திலும் ஷட்டில் ஆடுகிறவர்கள் அதிகம் என்பதால் சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். பக்கவாட்டு ஓட்டத்துக்கென்றே செய்தது. தாழ்வாக இருக்கும், காலைக் கவ்விப் பிடிக்கும். இரண்டு குறை உண்டு. பஞ்சு கொஞ்சம் குறைவு. அடி ரப்பர் டைல்ஸைப் பசைபோல் பிடிக்கும். அதனால் வீடியோவில் சுழன்று திரும்பும் இடங்களில் நீங்கள் காலைத் தரையிலேயே வைத்துச் சுழற்றக் கூடாது. பாதம் நின்றுவிடும், உடல் திரும்பும், நடுவில் முழங்கால் மாட்டிக்கொள்ளும். காலைத் தூக்கி வைத்துத் திரும்புங்கள். எந்த ஷூ போட்டாலும் இந்தப் பழக்கம் நல்லது.

அளவு விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். மாலையில் போங்கள், நாள் முழுக்க நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும், ஆடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஆடும்போது போடும் சாக்ஸையே எடுத்துப் போங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். பெரிய காலுக்கு வாங்குங்கள். எழுந்து நின்று, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலருக்குக் கட்டை விரலைவிட அடுத்த விரல்தான் நீளம். பெட்டியில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இங்கிலாந்து அளவில் ஒரு எண் கூடினால் ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் கூடும். ஐரோப்பிய அளவில் 6.7 தான். வளைகுடாவிலிருந்து வரும் ஷூக்களில் எண் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நாக்குப் பட்டையின் உள்ளே சென்டிமீட்டரிலும் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள்.

அகலம்தான் நம் பெண்கள் பலருக்கும் இடிக்கும் இடம். சிறு வயதில் வெறுங்காலிலும் பிறகு செருப்பிலுமாக நடந்து பழகிய பாதத்துக்கு முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். குறுகலான பெண்கள் மாடலில் அது நசுங்கும். 'போடப்போட லூஸாகிவிடும்' என்று சொல்லி விற்பார்கள், ஏற்காதீர்கள். முதல் நாளே இதமாக இருக்க வேண்டும். பெண்கள் மாடலில் பக்கம் இறுக்கினால் அதே நீளத்தில் ஆண்கள் மாடலைப் போட்டுப் பாருங்கள், அகலம் கூடுதலாக இருக்கும். நிறத்துக்காக மட்டும் அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே வலப்பக்கம் நான்கு எட்டு, இடப்பக்கம் நான்கு எட்டு வேகமாக வைத்துச் சட்டென்று நில்லுங்கள். யார் பார்த்தாலும் பரவாயில்லை. பாதம் ஷூவின் ஓரத்தைத் தாண்டி வழிகிற மாதிரி இருந்தாலோ, குதிகால் உள்ளே ஏறி இறங்கினாலோ அதைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

தட்டைப் பாதமா, வளைந்த பாதமா என்று பார்த்து அதற்கேற்ற ஷூ வாங்கச் சொல்லும் அறிவுரையும் உங்கள் காதுக்கு வரும். ஈரக்காலைத் தரையில் பதித்துத் தடம் பார்க்கச் சொல்வார்கள். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதத்தின் தட வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்து ஆராய்ந்தார்கள். அதனால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை. உங்கள் பாதம் சிறு வயதிலிருந்தே தட்டையாக இருந்து, அதனால் ஒரு தொந்தரவும் இல்லை என்றால் அதை ஒரு நோயாக நினைத்துச் செலவு செய்யாதீர்கள். பொருந்துகிறதா, இதமாக இருக்கிறதா, பக்கவாட்டில் பிடிக்கிறதா என்ற மூன்றும் போதும். விலையை வைத்து இதில் எதையும் சொல்ல முடியாது. அவசரம் இல்லையென்றால் நமக்கு ஆடித் தள்ளுபடியும் உண்டு, ஓணத் தள்ளுபடியும் உண்டு.

எம்.சி.ஆர். செருப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அண்ணன் வாங்கித் தந்தது நல்ல பொருள். தொழுநோயாலும் சர்க்கரையாலும் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குப் புண் வராமல் காக்க, நுண்ணிய காற்றறைகள் கொண்ட அந்த ரப்பரைப் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அடுக்களையில் நிற்கும்போதும் வீட்டுக்குள் நடக்கும்போதும் இப்போது அதைப் போடுங்கள். குதிகால் ஆறும்வரை டைல்ஸில் வெறுங்கால் வைக்காதீர்கள். ஆடுவதற்கு மட்டும் வேண்டாம். பக்கவாட்டில் காலைப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

பெட்டியில் 5 வருடமாக இருக்கும் ஷூவைப் போட்டு ஆடவே கூடாது. போடாத ஷூ புதிதாகவே இருக்கும் என்று தோன்றும். ஆனால் பஞ்சு அடுக்கான நடு அடியில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை இருந்தால் காற்றின் ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். பார்வைக்குப் பளபளப்பாக இருந்து, போட்டு நாலு குதி குதித்ததும் மாவாக உதிரும். ஒட்டிய பசையும் காய்ந்திருக்கும். இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் துலா மழை என்ற வடகிழக்குப் பருவமழையும் கொட்டும் நம் ஊரில் இது சீக்கிரமே நடக்கும். ஆடிக்கொண்டிருக்கும்போது அடி கழன்றால் மறுபடியும் அந்தக் கணுக்கால்தான் மாட்டும்.

இனி மாமியார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரோட்டில் மிதித்ததை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. புதிய ஷூ வாசலைத் தாண்டவே வேண்டாம். கடையிலிருந்து வந்ததும் அடியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, மாடி ஹாலிலேயே ஒரு மூலையில் வையுங்கள். அங்கேயே போட்டு, அங்கேயே கழற்றுங்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக அதற்கென்றே தனிச் செருப்பு வைத்திருப்பார்கள் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். காலையில் நீங்கள் முதல் அடி வைக்கத் தடுமாறுவதை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். ஷூ வெளியே போகாவிட்டால் உங்களுக்கும் லாபம்: அடியில் மணல் ஒட்டாது, டைல்ஸில் வழுக்காது.

வழுக்கல் என்றதும் ஒன்று. மழைக்காலத்தில் டைல்ஸ் வேர்த்து நிற்கும். தரை துடைத்த கையோடு ஆடத் தொடங்காதீர்கள். ஃபேனைப் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். யோகா மேட்டை விரித்து அதன்மேல் ஷூவோடு குதிப்பதும் ஆபத்து. மேட் நகரும், ஓரத்தில் கால் இடறும். குழந்தைகள் விளையாடும் மெத்தென்ற ஃபோம் பலகைகளும் வேண்டாம், ஒரு பக்கம் அமுங்கிக் காலை மடக்கிவிடும். நல்ல ஷூ இருந்தால் வெறும் டைல்ஸே போதும். ஆடி முடித்ததும் ஷூவின் உள் அட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் பஞ்சு இறுகும், பசை விடும். தினமும் லேஸை அவிழ்த்துத்தான் கழற்ற வேண்டும். கட்டியபடியே குதிகாலை மிதித்துக் கழற்றினால் அந்தக் கிண்ணம் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும்.

எவ்வளவு நாள் வரும் என்பது உங்கள் எடையையும் ஆட்டத்தையும் பொறுத்தது. நடு அடியின் பக்கத்தில் ஆழமாகச் சுருக்கம் விழுந்து அழுத்தினால் எழும்பாமல் இருந்தாலும், மேசையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலும் அதன் காலம் முடிந்தது.

ஷூ வாங்கிய அன்றே பழையபடி குதிக்கத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு வாரம் குதியே வேண்டாம். வீடியோவில் குதிக்கும் இடத்தில் நீங்கள் நின்ற இடத்தில் நடை போடுங்கள், கைகளை உயர்த்தி வீசுங்கள்; மூச்சு வாங்கும், வேர்க்கும், பலன் குறையாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கட்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், உட்கார்ந்தபடியே வலது பாதத்தை இடது முழங்கால் மேல் போட்டு விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள், பத்து தடவை. அந்த முதல் அடியின் குத்தலுக்கு இது நல்ல கைவைத்தியம். மாலையில் சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி ஆடுதசையை இழுத்து நில்லுங்கள். சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, துணி சுற்றி, உள்ளங்காலின் அடியில் சில நிமிடம் உருட்டலாம். காலில் மரமரப்பு இருந்தால் இந்த ஐஸ் மட்டும் வேண்டாம்.

சுளுக்கிய கணுக்காலை மறந்துவிடாதீர்கள். வீக்கம் வற்றினாலும் சமநிலை உணர்வு அதற்கு உடனே திரும்பாது. ஒரு தடவை மடிந்த கால் மறுபடி மடிவது அதனால்தான். சுவரோரமாக நின்று ஒற்றைக்காலில் 30 நொடி நிற்கப் பழகுங்கள். இரண்டு காலிலும் ஒரே மாதிரி நிற்க முடிகிற நாளில் பக்கவாட்டுத் தாவல்களைத் திரும்பத் தொடங்கலாம்.

சுகர் விஷயமாக அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பாதத்தையும் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது. உணர்வு குறைந்திருந்தால் 'இதமாக இருக்கிறது' என்று உங்கள் கால் சொல்வதை நம்ப முடியாது. அப்போது நின்றபடி காகிதத்தில் இரண்டு பாதத்தையும் வரைந்து எடுத்துப் போய், ஷூவின் உள் அட்டையை அதன்மேல் வைத்து அளவு பார்க்க வேண்டும். போடும் முன் ஒவ்வொரு நாளும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும், கழற்றியபின் பாதத்தில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று பார்ப்பதும் உங்களுக்கு எப்படியும் நல்லது.

ராத்திரி படுத்திருக்கும்போதும் குதிகால் வலித்தாலோ, காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்து வந்தாலோ, மரமரப்பு இருந்தாலோ என் பதிலை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எலும்பு மருத்துவரை நேரில் பாருங்கள். ஆறு வாரம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் வலி அப்படியே இருந்தாலும் போங்கள்.

வீட்டுக்காரர் அனுப்பிய ரன்னிங் ஷூ வீணாகிவிட்டதே என்று வருந்த வேண்டாம். நேராக நடப்பதற்கு அதைவிட இதமான காலணி உங்களுக்கு இப்போது கிடைக்காது. உயர்ந்த அந்தக் குதிகால் பஞ்சு அடிநாரின் இழுவையையும் குறைக்கும். ஆடாத இரண்டு நாளில் அதைப் போட்டு நடங்கள், கடைக்குப் போகும்போதும் போடுங்கள். அதை வாசலிலேயே கழற்றிவிடலாம்.